உருகி வந்த பால்

நேற்று காலை தாய்ப்பால் வங்கியின் உறைபெட்டியை முழுக்க உருகவிட்டுக் கழுவினோம். வருஷத்துக்கு ஒருமுறை செய்வதுதான். இருப்பதையெல்லாம் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றி, மின்சாரத்தை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்தால் சுவரில் படிந்த பனி மெல்ல மெல்லக் கழன்று விழும். அடித்தட்டின் மூலையில், பனிக்குள் ஒரு காகித நாடாத் துண்டு ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தேன். ஒரு தாயின் எண், பால் எடுத்த நேரம், வெள்ளி என்று கிழமை. எல்லா எழுத்தும் வலது பக்கம் சாய்ந்து, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல இருக்கும் உன் எழுத்து.

புதிதாக வந்திருக்கும் நர்ஸ் எட்டிப் பார்த்து, "இது யார் எழுதுனது சிஸ்டர்?" என்றாள்.

"இங்கன அஞ்சு வருசம் வேல பாத்த பிள்ள" என்றேன். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. நீ போய் நான்கு மாதம் ஆகிறது. நீ இல்லாமல் வரும் முதல் குற்றாலச் சீசன்.

ஏழு வருஷத்துக்கு முன் நீ எங்களிடம் வந்தது வேலைக்கு அல்ல. ஆலங்குளத்துக்குத் தெற்கே உன் ஊரிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். முப்பது வாரத்தில் ஆண் பிள்ளை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் உன் இதய வால்வு பழுதாகியிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. இனி இன்னொரு பிள்ளைக்கு ஆசைப்பட வேண்டாம் என்று டாக்டர் உன் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தப் பேச்சு உன் காதிலேயே விழாததுபோல நீ என்னைக் கூப்பிட்டாய். "சிஸ்டர், அவனுக்கு இப்ப எத்தன மில்லி?"

இரண்டு மில்லி. மூக்கு வழியாகப் போகும் குழாயில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கையால் பால் எடுக்க உனக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் பஞ்சு நனையக்கூட வரவில்லை. மூன்றாம் நாள் கிண்ணத்தின் அடி மறைந்தது. "இன்னைக்கு நாலு மில்லி குடிச்சிட்டான்" என்று வார்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நடந்தாய். ஒன்பதாம் நாள் முற்பகலில் அவன் போய்விட்டான். உன் வீட்டுக்காரர் ஒரு பச்சைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனார். உன் உடம்பு இருந்த நிலையில் உன்னை அனுப்ப முடியவில்லை.

மறுநாள் உன் மார்பு கல்லாகக் கட்டிக் காய்ச்சல் கண்டது. வெந்நீர்த் துணி வைத்துப் பிழிந்துவிட வந்தேன். பால் தானாக வழிந்து சேலையை நனைத்தது. நீ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"அவனுக்குத்தான வந்துச்சு சிஸ்டர். அவன் போனது இதுக்குத் தெரியலையே."

இருபத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்த நான், துணியை மறுபடி வெந்நீரில் முக்கிப் பிழிந்தேன். பிறகுதான் பால் வங்கியைப் பற்றிச் சொன்னேன். கட்டாயம் இல்லை என்றேன். மாத்திரை போட்டு வற்ற வைத்துவிடலாம், இல்லையென்றால் கொஞ்ச நாளைக்குத் தாய்ப்பால் கிடைக்காத பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். யோசித்துச் சொல் என்றேன். உன் மாமியார் கட்டில் பக்கத்திலேயே நின்று, "செத்த பிள்ளைக்கு வந்த பால ஊருக்குக் குடுக்கப் போறியாக்கும்" என்றார். உன் வீட்டுக்காரர் கொத்தனார், அதிகம் பேசாதவர். சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவ இஷ்டம்மா" என்று மட்டும் சொன்னார்.

படிவம் நிரப்பியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நோய்கள், ரத்தம் ஏற்றியது, சாப்பிடும் மாத்திரைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

"புகையிலைப் பழக்கம் உண்டாம்மா?"

பிள்ளை போனபின் முதல்முறையாக உன் உதடு அசைந்து சிரிப்புபோல ஒன்று வந்தது. "பழக்கம் இல்ல சிஸ்டர். பொழப்பு."

பீடி சுற்றுகிறவள். தூள் கையில் ஒட்டி உடம்புக்குள் போகும், பால் கொடுக்கும்வரை சுற்றக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மறுபேச்சில்லாமல் தலையாட்டினாய். பீடித் தட்டைப் பரணில் ஏற்றிவிட்டதாகப் பிறகு சொன்னாய். ரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றும் வரவில்லை. உனக்கு ஓர் எண் கொடுத்தோம். இங்கே தாய்க்குப் பெயர் கிடையாது, எண்தான். கொடுத்தது யார் என்று வாங்கிய வீட்டுக்குத் தெரியாது. போனது யாருக்கு என்று கொடுத்தவளுக்குத் தெரியாது. விலை கிடையாது. பாலை மிதமாகச் சூடாக்கிக் குளிரவைத்து, ஒரு துளியைச் சோதனைக்கு அனுப்புவோம். ஒரு கிருமி வளர்ந்தாலும் அந்தத் தொகுதி முழுவதையும் கொட்டிவிட வேண்டும். ஒரு கிலோகூட இல்லாத பிள்ளைகள் குடிப்பது என்பதால் அதில் தயவு தாட்சண்யம் பார்க்க முடியாது. இவ்வளவையும் உனக்கு விளக்கினேன். நீ கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "எங்கயாவது ஒரு பிள்ள குடிக்கும்லா?"

வார்டில் இருந்தபோது மூன்று பாட்டில் கொடுத்தாய். வீட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் எடுத்து, பக்கத்து வீட்டு டீச்சரின் பிரிட்ஜில் உறையவைத்தாய். பால் வற்ற ஆரம்பித்ததும், இருந்த பதினோரு பாட்டிலையும் ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாய். சித்திரை வெயில். பாவூர்சத்திரத்துக்கு முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து பாதை அடைத்துக்கொண்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ் அந்த இடத்திலேயே நின்றது.

மத்தியானம் சேலைத் தலைப்பால் பெட்டியை மூடிக்கொண்டு வந்து நின்றாய். முகமெல்லாம் வேர்வை. திறந்து பார்த்தேன். ஐஸ் இல்லை, தண்ணீர். பாட்டிலைத் தொட்டேன். கை சூட்டுக்கு வந்திருந்தது. உருகிய பாலை வாங்கக் கூடாது. அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. அது போதாதென்று, வார்டில் நீ கொடுத்த மூன்று பாட்டிலும் சோதனையில் தவறிவிட்டதாக முந்தின நாள்தான் அறிக்கை வந்திருந்தது. என் மேஜை மேல் அது கிடந்தது.

"சேந்துரும்லா சிஸ்டர்?"

"சேந்துரும்மா" என்றேன்.

பதினோரு பாட்டிலிலும் உன் கண் முன்னால் எண்ணை எழுதி ஒட்டினேன். நீ கும்பிட்டுவிட்டுப் போனாய். உன் பஸ் கிளம்பியிருக்கும் என்று தோன்றும்வரை காத்திருந்து, தொட்டியில் ஒவ்வொன்றாகக் கொட்டினேன். குழாயைத் திறந்துவிட்டேன். பதிவேட்டில் உன் எண்ணுக்கு நேரே "உருகியது, நிராகரிப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நோட்டில் நான் பொய் எழுதவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு மாதம் கழித்து இதய டாக்டரைப் பார்க்க வந்தவள் மாடியேறி என்னிடம் வந்தாய். எந்தப் பிள்ளைக்குப் போனது என்று கேட்டாய். விதிப்படி சொல்லக் கூடாது என்றேன். தலையாட்டினாய், ஆனால் போகவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாய். உன் முழங்கைகள் அவ்வளவு மெலிந்திருந்தன. என் மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து, "யார்ட்டயும் சொல்லிராத. அந்தா, மூணாவது தொட்டில்" என்றேன்.

செங்கோட்டைப் பக்கத்துப் பெண் பிள்ளை. தொள்ளாயிரம் கிராமில் பிறந்து தேறிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா குனிந்து கையுறைக்குள் அந்தச் சின்ன விரல்களை நுழைத்துக்கொண்டிருந்தாள். நீ அழவில்லை. கண்ணாடியில் உன் மூச்சு பட்டுப் படிந்த ஈரத்தைச் சேலையால் துடைத்துவிட்டு, மறுபடியும் பார்த்தாய்.

இரண்டு வருஷம் கழித்து, தாய்மார்களோடு இருந்து பேச ஓர் ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது உன் நினைவுதான் வந்தது. ஆள் அனுப்பினேன். வந்து ஒரு வாரத்தில் வார்டே உன்னுடையதாகிவிட்டது. பால் வரவில்லை என்று அழுகிறவளிடம், "ஏட்டி, எனக்கு மொத நாளு பஞ்சுகூட நனையல. பொறுத்துக்கோ" என்பாய். பிள்ளையை இழந்தவளிடம் ஒன்றும் சொல்லாமல் தலையை வாரிவிடுவாய். என்னை எல்லோரும் சிஸ்டர் என்பார்கள். நீ எப்போது அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாய் என்று எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நான் கோயில் முடிந்து வரும் நேரம் பார்த்து வீட்டுக்கு வருவாய். மீன் ஆய்ந்துகொண்டே பேசுவோம். பொய் சொன்னதையே நான் மறந்துபோயிருந்தேன். மறந்துபோனேன் என்று எழுதுவதும் சரியில்லை. நினைவு வரும்போதெல்லாம், நல்லதற்குத்தானே சொன்னோம் என்று அதைத் திருப்பிப் போட்டுவிடுவேன்.

நீ வேலைக்கு வந்த வருஷத்துச் சீசனில் நீயும் வீட்டுக்காரரும் குற்றாலம் போனீர்கள். திங்கட்கிழமை வந்தபோது உன் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தெளிவு.

"அக்கா, அந்தப் பிள்ளயப் பாத்துட்டேன்."

"எந்தப் பிள்ள?"

"மூணாந் தொட்டில். ஐந்தருவில, பொம்பளைய வரிசையில. அவ அம்மா மொகம் எனக்கு மறக்குமா? பிள்ள அருவியப் பாத்துப் பயந்து, அம்மா கழுத்தக் கட்டிக்கிட்டு ஒரே அழுக. நல்லா கொழுகொழுன்னு இருக்கா அக்கா."

"நீ போய்ப் பேசினியாட்டி?"

"எப்படிப் பேசுவேன்? சொல்லக் கூடாதுன்னு விதி இருக்குல்லா. தள்ளி நின்னு பாத்துட்டு வந்துட்டேன்."

நான் மீறிய விதியை நீ காப்பாற்றினாய். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் போயிற்று. தாய்ப்பாலை யாரும் விற்கக் கூடாது, இலவசமாக, மருத்துவமனைக்குள் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று மறுபடியும் வலியுறுத்தி மேலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பழைய பதிவேடுகளையெல்லாம் சரிபார்த்துப் பட்டியல் எழுதி வைக்கச் சொன்னார்கள். உனக்குத்தான் கையெழுத்து வேகம் என்று நோட்டுகளை உன்னிடம் கொடுத்தது நான்தான். அறை வாசலில் திரும்பிப் பார்த்தபோது நீ ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாய். உன் எண் உனக்கு மனப்பாடம். கீழே என் கையெழுத்து.

நோட்டை மூடி, அடுக்கி, மற்றதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு ஐந்து மணிக்குப் போனாய். மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்து என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"அந்தப் பிள்ள யார் பாலக் குடிச்சுது?"

"நாலஞ்சு பேரு பாலு. யாருன்னு சொல்ல முடியாது."

"என்னோடது இல்ல."

"இல்ல."

"ஒரு சொட்டுகூட?"

"இல்லம்மா."

நான் என்னென்னவோ சொன்னேன். உன்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது, நல்லதற்குத்தான் செய்தேன் என்றெல்லாம். நீ கையை நீட்டி நிறுத்தினாய்.

"ஐஸ் உருகினது எனக்கே தெரியும். பஸ்ஸுல பத்து தடவ தொட்டுப் பாத்தேன். வேண்டாம்னு சொல்லிருவியளோன்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன். நீங்க கொட்டுனதுல எனக்குக் கோவம் இல்ல. கொட்டத்தான் வேணும். ஆனா என்னக் கூப்பிட்டிருக்கலாம்லா? என் கையால கொட்டிருப்பேன்."

எழுந்தாய். வாசலில் நின்று, "அவன எடுத்துட்டுப் போனப்பவும் நான் கூடப் போவல. இதையும் எனக்குத் தெரியாமலே முடிச்சிட்டிய சிஸ்டர்" என்றாய்.

அதற்குப் பிறகு நீ என்னை அக்கா என்று கூப்பிடவே இல்லை. வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக்கொண்டு வந்தாய். ஆனால் சிஸ்டர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதும் நின்றுபோயிற்று. நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு என்ன உரிமை இருந்தது?

அந்த வாரமே நீ டாக்டரிடம் போனாய். பால் கொடுக்கும் தாய் கையெழுத்துப் போடும் படிவத்தில் இன்னும் ஒரு வரி வேண்டும் என்றாய். "என் பாலைப் பயன்படுத்த முடியாமல் போனால் எனக்குச் சொல்ல வேண்டும். ஆம், இல்லை." டாக்டர் யோசித்தார். தேவையில்லாமல் அவர்கள் மனம் நோகுமே என்றார். "நோவட்டும் சார். அது அவங்க நோவு" என்றாய். அச்சடித்து வரும்வரை ஒவ்வொரு படிவத்திலும் அந்த வரியை நீயே எழுதினாய். பெரும்பாலும் ஆம் என்றுதான் குறித்தார்கள். சொல்லும் வேலையையும் நீயே எடுத்துக்கொண்டாய். சிலர் அழுவார்கள். சிலர் உன்னைத் திட்டியிருக்கிறார்கள். சிவகிரிக்காரி ஒருத்தி, தானே கொட்டுவதாகச் சொல்லி பாட்டிலை வாங்கி, மருத்துவமனைப் பின்புறம் செம்பருத்திச் செடியின் மூட்டில் ஊற்றினாள். நீ அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாய். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். கீழே வரத் துணியவில்லை.

பங்குனியில் உனக்கு மூச்சுத் திணறல் அதிகமானது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். நான் வந்து பார்த்த அன்று முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டியிருந்தார்கள். அதை விலக்கி, "ஏழாம் நம்பர் அம்மாவுக்கு ரிப்போர்ட் வந்துட்டா? கெட்ட ரிப்போர்ட்டா இருந்தா போன்ல சொல்லிராதிய, சிஸ்டர்" என்றாய். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். சரி என்று சொல்லிவிட்டு உன் காலைப் பிடித்துவிட்டேன். கால் வீங்கியிருந்தது. இரண்டு நாளில் செய்தி வந்தது.

உன் வீட்டில் கூட்டம் கலைந்தபின் உன் வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சிஸ்டர், அந்தச் செங்கோட்டைப் பிள்ள இப்ப ரெண்டாங்கிளாஸ் போவாளாமே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "யாரு சொன்னா தம்பி?"

"இவதான். எங்க பால் குடிச்ச பிள்ளன்னு எப்பவும் சொல்லிக்கிட்டேதான இருப்பா. இந்த வருசம் ரெண்டாங்கிளாஸ்ன்னு மாசியிலகூடச் சொன்னா."

மாசியில். பதிவேட்டைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எல்லாத் தாய்க்கும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நின்றவள், இந்த ஒரு மனிதரிடம் சொல்லவில்லை. என் பொய்யை வாங்கி, அவருக்காக வருஷா வருஷம் அந்தப் பிள்ளைக்கு வயது கூட்டி, வகுப்பு ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறாய். "எனக்குத் தெரியலையே தம்பி" என்று சொல்லிவிட்டு அன்றைக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

போன மாதம் அவர் மருத்துவமனைக்கே வந்தார். கையில் ஒரு துணிக்கடைப் பை. "தூரத்துல நின்னு ஒரு தடவ பாத்துட்டுப் போறேன் சிஸ்டர். பேச மாட்டேன். எந்த ஊரு, எந்தப் பள்ளிக்கூடம்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது. நீ அவருக்குக் கொடுத்ததை நான் எடுக்கலாமா என்றும் தெரியாது. ஆனால் அந்த மனிதர் உன் பால் குடிக்காத ஒரு பிள்ளையைத் தேடிக்கொண்டு செங்கோட்டைத் தெருவில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உட்காரச் சொன்னேன். பதினோரு பாட்டிலையும் சொன்னேன். மூன்றாவது தொட்டிலைக் காட்டிய விரல் என்னுடையது என்றும் சொன்னேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் தம்பி. மூணு வருசமா."

அவர் என்னைத் திட்டவில்லை. சுண்ணாம்பில் வெடித்த கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்காவச் சொல்லிருக்கா" என்றார் கடைசியில். அழுதார். அவர் எழுந்து போகும்வரை நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

போகும்போது பையை மேஜை மேல் வைத்தார். உன் பெட்டியில் இருந்ததாம். குற்றாலத்தில் அந்தப் பிள்ளையைப் பார்த்த அன்றைக்கு, கடைத் தெருவில் நீ வாங்கியது. கொடுக்க முடியாது என்று தெரிந்தே வாங்கியிருக்கிறாய். "இங்கன எதாவது ஒரு பிள்ளைக்குப் போடுங்க" என்றார்.

மஞ்சள் கவுன். கழுத்தில் சின்னதாக ஒரு பூ. என் அலமாரியில் மடித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் வார்டைச் சுற்றி வரும்போது பார்க்கிறேன். இங்கே இருக்கும் எந்தப் பிள்ளைக்கும் அது பெரிது.